கொழும்பு–ரொறன்ரோ: 13 மணித்தியாலமா, 17ஆ, 22½ஆ?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். வெள்ளவத்தையில் இருக்கும், எழுபது தாண்டிய உங்கள் அம்மா, ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் முதல்முறையாகத் தனியே போகிறார். தூரம் என்னவென்று தேடியிருக்கிறீர்கள். ஓர் இணையத்தளம் 14,000, பறக்க 17 மணித்தியாலம் என்கிறது. இன்னொன்று தூரம் 8,700 என்கிறது. டிக்கெட் போட்டுத் தந்தவர் இருபத்திரண்டரை மணித்தியாலம் என்றாராம். டிக்கெட்டிலோ கொழும்பில் இரவு 8.30க்குப் புறப்பாடு, டுபாயில் விமானம் மாறி, மறுநாள் காலை 9.30க்கு ரொறன்ரோவில் இறக்கம் என்று இருக்கிறது. விரல்விட்டு எண்ணினால் 13தான் வருகிறது. எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, அம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், மாத்திரையை எப்போது போட வேண்டும், அக்கா எத்தனை மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்பவைதான் என்று நினைக்கிறேன். நான் பல வருடம் கட்டுநாயக்கவில் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் வேலையில் இருந்தவன். டிக்கெட் விலை, விசா பற்றியெல்லாம் அந்தத் தொழிலில் உள்ளவர்களிடம் கேளுங்கள். தூரமும் நேரமும் என் பக்கம். நீங்கள் சொன்ன எண்களில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை.

முதலில் தூரம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய கோடு ஏறக்குறைய 13,995 கிலோமீற்றர். பூமியின் மையத்தில் நின்று இரண்டு இடத்தையும் பார்த்தால் இடையே உள்ள கோணம் 126 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பெருக்கினால் கணக்கு வந்துவிடும். பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் இடையே இருக்கக்கூடிய ஆகக் கூடிய தூரமே 20,000 கிலோமீற்றர் அளவுதான். அதில் பத்தில் ஏழு பங்கை அம்மா ஒரே பயணத்தில் கடக்கப் போகிறார்.

தளத்துக்குத் தளம் இருபது, முப்பது கிலோமீற்றர் வித்தியாசப்பட்டால் குழம்ப வேண்டாம். சிலர் விமான நிலையத்திலிருந்து அளப்பார்கள், சிலர் நகரத்தின் நடுவிலிருந்து அளப்பார்கள். கட்டுநாயக்க விமான நிலையம், கொழும்பு கோட்டையிலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வடக்கே இருக்கிறது. பியர்சனும் ரொறன்ரோ நகர மையத்தில் இல்லை. அப்புறம், பூமியைச் சரியான உருண்டை என்று எடுத்துக் கணக்குப் போடுவதும், துருவங்களில் சற்றே தட்டையானது என்று எடுத்துப் போடுவதும் கொஞ்சம் வேறு விடை தரும். ஆனால் 14,000க்கும் 8,700க்கும் உள்ள இடைவெளி இப்படி வந்ததல்ல. அந்த 8,700 மைல். 13,995 கிலோமீற்றரை மைலாக்கினால் ஏறக்குறைய 8,700 வரும். விமானிகள் பாவிப்பதோ கடல் மைல். அதில் 7,560 அளவு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொழும்பிலிருந்து லண்டனுக்குத் தூரம் 8,700 கிலோமீற்றர் அளவு. ஆகவே 8,700 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, கனடாவும் லண்டன் அளவு தூரம்தானே என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை ஏதாவது இருந்தால் ஒரு நூலை எடுத்து இலங்கையில் ஒரு முனையையும் ரொறன்ரோவில் மறுமுனையையும் பிடித்து இறுக்கிப் பாருங்கள். சுவரில் தொங்கும் தட்டையான படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நூல் போகும் வழி நம்பவே முடியாததாக இருக்கும். படத்தில் கோடு கீறினால் அரபிக்கடல், அரேபியா, வட ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். நூல் அப்படிப் போகாது. கொழும்பை விட்டதும் கிட்டத்தட்ட வடக்கே திரும்பி, மகாராஷ்டிராவுக்கு மேலால், ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான் தாண்டி ரஷ்யாவுக்குள் நுழைந்து, ஆர்கஞ்சல் நகருக்குப் பக்கத்தால், நோர்வேயின் வடகோடியில் இருக்கும் துரொம்சோவைத் தொட்டு, 72 பாகை வடக்குவரை ஏறி, கிறீன்லாந்தைக் குறுக்கே வெட்டி, கியூபெக்கின் வடக்கால் இறங்கி ரொறன்ரோவுக்கு வரும். காரணம் நெட்டாங்கில் இருக்கிறது. நாம் இருப்பது கிழக்கே 80 பாகையில், ரொறன்ரோ இருப்பது மேற்கே ஏறக்குறைய 80 பாகையில். கிட்டத்தட்ட உலகத்தின் மறுபக்கம். மறுபக்கத்துக்குப் போகக் குறுக்குவழி எப்போதும் உச்சந்தலை வழியாகத்தான்.

இந்தக் கோட்டில் நேராகப் பறக்கும் விமானம் கொழும்பிலிருந்து கிடையாது. அவ்வளவு தூரம் பறக்க விமானமே இல்லை என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல் இடையில் எங்கும் இறங்காமல் பறக்கிறார்கள். அதற்கென்றே எரிபொருள் கொள்ளளவு கூட்டிய ஏ350 விமானம் வைத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து அப்படி ஒரு விமானத்தை நிரப்ப, கோடை விடுமுறையும் மார்கழியும் போதாது. வருடம் முழுக்க, அதுவும் கூடிய விலைக்கு டிக்கெட் வாங்குகிற பயணிகள் வேண்டும். ஆகவே எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் மாறித்தான் போகிறார்கள். இதனால் தூரம் ஏகப்பட்டது கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. கொழும்பு–டுபாய் 3,290, டுபாய்–ரொறன்ரோ 11,080, கூட்டினால் 14,370. நேர்கோட்டைவிட நானூறு கிலோமீற்றர்கூட அதிகமில்லை, அதாவது அரை மணித்தியாலப் பறப்புக்கும் குறைவு. லண்டன் வழியாகப் போனாலும் 14,400 சொச்சம்தான். தூரத்தைப் பார்த்து வழியைத் தெரிவு செய்வதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் வழிக்கு வழி மாறுவது.

சரி, 17 மணித்தியாலம் எங்கிருந்து வந்தது? அது எந்த விமானமும் பறந்த நேரமல்ல. தூரத்தை மணிக்கு 850 கிலோமீற்றரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டியிருக்கிறார்கள். 13,995ஐ 850ஆல் வகுத்தால் பதினாறரை. அரையைக் கூட்டினால் 17. இந்தச் சூத்திரத்துக்குக் காற்றும் தெரியாது, திசையும் தெரியாது. போக 17 என்றால் வரவும் 17 என்றுதான் சொல்லும். அது எவ்வளவு பிழை என்பதற்குக் கொழும்பிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இங்கிருந்து லண்டன் ஏறக்குறைய 8,710 கிலோமீற்றர். சிட்னி ஏறக்குறைய 8,760. ஐம்பது கிலோமீற்றர் வித்தியாசம், சமம் என்றே சொல்லலாம். ஆனால் சிட்னிக்குப் போக ஏறக்குறைய பத்து மணித்தியாலம். லண்டனுக்குப் போக பதினொன்றுக்கு மேல். திரும்பி வரும்போது அப்படியே தலைகீழ்: லண்டனிலிருந்து வர நேரம் குறையும், சிட்னியிலிருந்து வரக் கூடும். கிழக்கே போகிறவருக்கு லாபம், மேற்கே போகிறவருக்கு நட்டம்.

இதைச் செய்வது ஜெட் காற்றோட்டம். பத்து, பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகிய, பலத்த காற்று. மணிக்கு 200 கிலோமீற்றர் என்பது மாரிக்காலத்தில் சாதாரணம். அதற்கு மேலும் போகும். விமானம் பயணிகள் நினைப்பதுபோல் நிலத்தைப் பார்த்து வேகம் வைப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் மணிக்கு 900 அளவில் போகிறது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால், ஆற்றில் வள்ளம் விடுகிறவர் கதைதான். 2020 பெப்ரவரியில் அத்திலாந்திக்கில் புயல் வீசிய ஓர் இரவில் நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு ஜம்போ ஜெட் 4 மணித்தியாலம் 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாக ஆறரை, ஏழு மணித்தியாலம் எடுக்கிற பயணம். அதே இரவில் எதிர்ப்பக்கம் போனவர்களைப் பற்றி யாரும் செய்தி போடவில்லை.

எங்கள் வேலையில் ஒவ்வொரு விமானத்துக்கும் பயணத் திட்டம் என்று நீளமான தாள் ஒன்று அச்சாகும். அதில் எரிபொருள், எடை, வழியில் வரும் ஒவ்வொரு புள்ளி எல்லாம் இருக்கும். நான் முதலில் கண் வைப்பது சராசரிக் காற்று என்ற ஒரு சின்னப் பெட்டியில். எம் 045 என்று இருந்தால் பயணம் முழுக்கச் சராசரியாக 45 நொட் (மணிக்கு 45 கடல் மைல்) எதிர்க்காற்று. பி 038 என்றால் 38 நொட் பின்காற்று. அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும், இன்றைக்கு விமானம் நேரத்துக்குப் போகுமா என்று பாதி சொல்லிவிடலாம். டுபாய்–ரொறன்ரோ போன்ற தூரத்தில் பத்து நொட் கூடினாலும் குறைந்தாலும் கால் மணித்தியாலம் மாறும். காற்று போகும்போது எடுத்ததை வரும்போது திருப்பித் தந்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். தராது. லண்டன்–ரொறன்ரோ 5,700 கிலோமீற்றர் என்று வைப்போம். காற்றில்லாத நாளில் மணிக்கு 900இல் 6 மணி 20 நிமிடம். நூறு கிலோமீற்றர் காற்றை எதிர்த்தால் 800இல் 7 மணி 8 நிமிடம். அதே காற்றோடு வந்தால் 1,000இல் 5 மணி 42 நிமிடம். போகும்போது 48 நிமிடம் இழந்து, வரும்போது 38தான் கிடைக்கிறது. எதிர்க்காற்றுக்குள் கூடிய நேரம் நிற்பதால் வரும் நட்டம் அது.

நம் பக்கத்துக்கென்று ஒரு விலக்கும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை, தென்னிந்தியாவுக்கும் அரபிக்கடலுக்கும் மேலே மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். கீழே காலிமுகத்திடலில் தென்மேற்கிலிருந்து முகத்தில் அறைகிற அதே நாட்களில், மேலே நேர்மாறு. அந்த மாதங்களில் கொழும்பிலிருந்து டுபாய்க்குப் போகிறவர்களுக்குச் சில நாள் சில நிமிடம் லாபம் கிடைக்கும். உங்கள் அம்மா போகும் ஓகஸ்ட்டும் அதற்குள் வருகிறது. டுபாய்க்கு வடக்கே போனதும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். விமானம் கேட்டை விட்டு அசைந்த நொடியிலிருந்து மறுமுனையில் கேட்டில் நின்று பிரேக் போடும்வரை உள்ள நேரம் அது. கட்டுநாயக்கவில் ஒரே ஓடுபாதைதான். இரவில் வளைகுடா விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படும்போது வரிசையில் நிற்பதும் அந்தக் கணக்கில் சேரும். நிறுவனங்கள் அந்தப் பருவத்தின் காற்றையும் இந்த வரிசைகளையும் பார்த்து, கொஞ்சம் கூட்டியே அட்டவணை போடுவார்கள். கொழும்பு–டுபாய் நாலரை மணித்தியாலம், டுபாய்–ரொறன்ரோ பதினாலு அளவு என்பது இப்படி வந்த எண்கள். திரும்பும்போது ரொறன்ரோ–டுபாய் பன்னிரண்டே முக்காலுக்குள்ளும், டுபாய்–கொழும்பு நாலேகாலுக்குள்ளும் முடியும். ஆகவே அம்மா விமானத்துக்குள் இருக்கும் நேரம் போக பதினெட்டரை, வர பதினேழு. டுபாயில் நாலு மணித்தியாலம் காத்திருப்பதைச் சேர்த்தால் உங்கள் டிக்கெட்காரர் சொன்ன இருபத்திரண்டரை. அவர் சொன்னதுதான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய எண்.

இதுவரை சொன்னதில் தூரம் உறுதி, பருவத்துச் சராசரி நேரம் பெரும்பாலும் உறுதி. குறிப்பிட்ட ஒரு நாளில் எவ்வளவு என்பது அதற்கு முதல்நாள்வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காற்று முன்னறிவிப்பே நாளுக்குப் பல தடவை புதுப்பிக்கப்படும் ஒன்று. காற்றைவிடப் பெரிய சந்தேகம் வான்பரப்பு. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு உருண்டையில் நூல் பிடித்தால் அது ஈரானுக்கும் கோக்கசஸ் மலைகளுக்கும் மேலால் போய், உக்ரேனின் தலைநகர் கியேவைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு, பால்டிக் கடல் வழியாக ஐஸ்லாந்தின் தெற்கால் போகும். உக்ரேன் வான்பரப்பு 2022 பெப்ரவரி 24இலிருந்து பயணிகள் விமானத்துக்கு மூடப்பட்டிருக்கிறது. ரஷ்யாவும் அதே மாதக் கடைசியில் கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றியம் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடிவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூட, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகிற விமானங்கள் சுற்றிப் போய், சில இடையில் இறங்கி எரிபொருள் ஏற்ற வேண்டி வந்தது. 2025 ஜூனில் கட்டாரும் ஐக்கிய அரபு இராச்சியமும் சில மணித்தியாலம் வானத்தை மூடியபோது உலகம் முழுக்க இணைப்பு விமானங்கள் குழம்பிப்போயின. இப்படி ஒன்று வந்தால் என் 14,370 கிலோமீற்றர் கணக்கும் மாறும், பதினாலு மணித்தியாலமும் மாறும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து, அதே விமானம் முந்திய நாட்களில் எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று விமானங்களைத் தொடரும் ஏதாவதொரு செயலியில் பாருங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அது நம்பக்கூடியது.

அடுத்து டிக்கெட்டில் தெரியும் அந்த 13. டிக்கெட்டில் அச்சிடும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கொழும்பு கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. ரொறன்ரோ கோடையில் நாலு மணித்தியாலம் பின்னே. இடைவெளி ஒன்பதரை. இருபத்திரண்டரையில் ஒன்பதரையைக் கழித்தால் 13. அவ்வளவுதான் மர்மம். கோடையிலேயே திரும்புகிற ஒரு டிக்கெட்டைப் பார்த்தால் இதைவிடப் பயந்துவிடுவீர்கள்: ரொறன்ரோவில் பிற்பகல் 2.30க்கு ஏறி, டுபாயில் மூன்று மணித்தியாலம் இருந்து, மறுநாள் இரவு 8க்குக் கட்டுநாயக்கவில் இறங்கினால் எண்ணிக்கை இருபத்தொன்பதரை. உண்மையில் அது இருபது மணித்தியாலப் பயணம், போனதைவிடக் குறைவு. (நம் நாட்டு நேரமும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1996இல் மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்து வருடத்தில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்தவர்களுக்கு அந்தக் குழப்பம் நினைவிருக்கும்.)

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நான் குடும்பத்தில் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: முழுப் பயணத்தையும் இலங்கை நேரத்தில் எழுதுங்கள். அம்மாவின் கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். கைத்தொலைபேசி தானாக மாறும், அது மாறட்டும். டிக்கெட் அச்சின் பின்பக்கத்தில் பேனையால் பெரிய எழுத்தில் இப்படி எழுதலாம். மாலை 4 மணி, வீட்டிலிருந்து புறப்பாடு. அந்த நேரத்துக் காலி வீதி நெரிசலைக் கடந்து அதிவேக வீதிக்கு ஏற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும், ஐந்தரைக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். இரவு 8.30 விமானம். நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு டுபாய். அங்கே சுவர்க்கடிகாரம் 11.30 காட்டும், அதைப் பார்க்க வேண்டாம். விடிய 5 மணிக்கு அடுத்த விமானம். மறுநாள் மாலை 7 மணிக்கு ரொறன்ரோ. குடிவரவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர எட்டரையாகலாம். அக்காவின் வீடு ஸ்காபரோ பக்கம் என்றால் இரவு 9.30, அதாவது அங்கே நண்பகல் 12. வெள்ளவத்தை வாசலிலிருந்து அக்காவின் வாசல்வரை முப்பது மணித்தியாலத்துக்கு அரை மணி குறைவு. 13, 17, 22½ எல்லாவற்றையும்விட அம்மாவின் உடம்புக்குத் தெரியப் போகிற எண் இதுதான்.

இப்படி எழுதி வைத்தால் மருந்துப் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும். இரவு 9 மணி மாத்திரை விமானம் மேலெழுந்த சற்று நேரத்தில். காலை மாத்திரை இரண்டாவது விமானத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து. மதியச் சாப்பாட்டு நேரம் அத்திலாந்திக்கை எட்டும் வேளையில். விமானத்தில் சாப்பாடு வரும் நேரம் இதோடு ஒத்துப்போகாது, ஆகவே கைப்பையில் பிஸ்கட் ஏதாவது இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கீழே சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து பழுதாகலாம். ரொறன்ரோ நேரத்துக்கு மருந்தை எப்படி மாற்றுவது, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அம்மாவின் வைத்தியரிடம் கேளுங்கள். போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போங்கள். இத்தனை மணித்தியாலம், இந்த இந்த நேரம் என்று கண்ணால் பார்த்தால் அவருக்கும் சொல்வது சுலபம்.

டுபாயில் நாலு மணித்தியாலம் வீண் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறுகிற டிக்கெட் இன்னும் மலிவாக இருந்தாலும் எடுத்திருக்காதீர்கள் என்றே சொல்வேன். கொழும்பில் முக்கால் மணித்தியாலம் தாமதமானாலே அந்த இணைப்பு கையை விட்டுப் போகும், பதினாலு மணித்தியால விமானம் நாளைக்கு ஒன்றுதான் இருக்கும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்துங்கள். அப்படி இருந்தால் இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். நடக்கக்கூடியவராக இருந்தாலும் வீல் செயார் உதவியை இப்போதே பதிந்து வையுங்கள். அந்த விமான நிலையத்தில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு ரயில் ஏறிப் போக வேண்டிவரலாம். தள்ளிக்கொண்டு போகிறவர் சரியான கேட்டில் கொண்டுபோய் விடுவார், வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. பதினாலு மணித்தியாலத்தில் நடைபாதைப் பக்க இருக்கையும் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு அப்படியே இருந்துவிடுகிற தலைமுறை அது.

திரும்பும் டிக்கெட் நவம்பர் நடுப்பகுதி என்கிறீர்கள். ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். அன்றிலிருந்து இடைவெளி ஒன்பதரை இல்லை, பத்தரை. ரொறன்ரோவில் பிற்பகல் 2.30 என்பது கோடையில் நமக்கு நள்ளிரவு 12. நவம்பரில் அது 1 மணி. நிறுவனங்களும் ஒக்டோபர் கடைசியில் மாரிகால அட்டவணைக்கு மாறுவதால் டுபாயில் காத்திருக்கும் நேரமும் சற்று மாறியிருக்கலாம். ஓகஸ்ட்டில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு வான் பிடிக்காமல், அந்த வாரம் புதிய நேரங்களை எடுத்து இன்னொரு தாள் எழுதிவிடுங்கள்.